பூச்சியமும் வெற்றிடமும்

எங்கள் வீட்டில் 'ரிப்போட்' என்ற சொல்லுக்கு ஒரே கருத்துத்தான். தவணை முடிவில் பாடசாலையிலிருந்து வரும் தேர்ச்சி அறிக்கை. உம்மா அதைக் கையில் வாங்கியதும் முதலில் தேடுவது 'நிலை' என்ற கட்டத்தை. வாப்பா அப்படியல்ல. ஒவ்வொரு பாடமாக விரலை வைத்து வாசிப்பார். கணிதத்தில் சற்று நிற்பார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து, கடைக் கணக்குக்கு இடும் அதே கையொப்பத்தை இடுவார். ராத்தாவின் காலத்தில் அறிக்கை முழுவதும் வகுப்பாசிரியையின் கையெழுத்தில் இருந்தது. எனக்குப் பாதி கையெழுத்து, பாதி அச்சு. தங்கைக்கு முழுக்கக் கணினி. கணினியில் வந்த தாள் பிழைக்காது என்று வீட்டில் எல்லோரும் நம்பினோம். அந்தத் தாளைச் செய்வது எப்படி என்று படிக்கப் போன பிறகுதான், அதற்குள் எத்தனை பேருடைய தீர்மானங்கள் இருக்கின்றன என்று எனக்குத் தெரிய வந்தது.

உயர்தரம் எழுதியவர்களுக்கு அந்தக் காத்திருப்புத் தெரியும். பெறுபேறு வர வேண்டும், பிறகு வெட்டுப்புள்ளி வர வேண்டும், பிறகு பல்கலைக்கழக அனுமதி வர வேண்டும். மாதங்கள் போய்க்கொண்டே இருக்கும். நான் வர்த்தகப் பிரிவு. கணக்கீடு, பொருளியல் ஆகியவற்றோடு மூன்றாவது பாடமாகத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் எடுத்திருந்தேன். வீட்டில் சும்மா இருப்பதை விட ஏதாவது படிக்கலாம் என்று கல்முனையில் ஒரு சிறிய மென்பொருள் அலுவலகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். புடைவைக் கடையொன்றின் மேல்மாடி. நான்கு மேசைகள், ஒரு பிரின்டர். மருதமுனையிலிருந்து பஸ் ஏறினால் சிறிது நேரம்தான். உம்மாவுக்கு முதலில் மனமில்லை. அங்கே எனக்குக் கற்றுத்தரப் போகிறவர் ஒரு பெண் என்றும், அவரும் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டு வருகிறவர் என்றும் அறிந்த பிறகுதான் சம்மதித்தார். அவரை நான் ராத்தா என்றே அழைத்தேன். இந்தக் கட்டுரையிலும் அப்படியே இருக்கட்டும். என் சொந்த ராத்தா கோபிக்க மாட்டார்.

புதிதாக வருகிறவர்களை அறிக்கைப் பகுதியில் விடுவது மென்பொருள் அலுவலகங்களில் வழமையாம். மற்றவர்கள் திரைகளைச் செய்வார்கள், தரவுத்தளத்தை வடிவமைப்பார்கள். கடைசியில் "அச்சிடு" என்ற பொத்தானுக்குப் பின்னால் இருக்கும் வேலை புதியவருக்கு வரும். அதைச் சிறிய வேலை என்று நினைக்கிறவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை, இப்போதும் நினைப்பதில்லை. கடைக்காரர் தரவுத்தளத்தைப் பார்ப்பதில்லை. பெற்றோர் நிகழ்ச்சித்திட்டத்தின் குறியீட்டைப் பார்ப்பதில்லை. அவர்கள் கைக்கு வருவது அந்தத் தாள் மட்டும்தான். அது பிழைத்தால் உள்ளே எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும் பயனில்லை.

வரலாற்றில் அறிக்கைக்குப் பின்வரிசை இருக்கவுமில்லை. ஐபிஎம் நிறுவனம் 1959இல் ஆர்பிஜி என்ற கணினி மொழியைக் கொண்டுவந்தது. அந்த மூன்று எழுத்துகளின் விரிவே 'ரிப்போட் புரோகிராம் ஜெனரேட்டர்', அதாவது அறிக்கை நிகழ்ச்சித்திட்டங்களை ஆக்கித் தருவது. துளையிட்ட அட்டைகளில் இருந்த விவரங்களை வரிசையாக, கூட்டுத்தொகையோடு தாளில் அச்சிட்டுத் தருவதற்காகவே ஒரு மொழியைச் செய்திருக்கிறார்கள். நிறுவனங்கள் கணினி வாங்கியதே பெரும்பாலும் இதற்காகத்தான்.

நான் கற்றுக்கொண்ட கருவி ஜாஸ்பர் ரிப்போர்ட்ஸ். தியோடோர் டான்ச்சூ என்பவர் 2001இல் எழுதத் தொடங்கிய திறந்த மூல மென்பொருள் அது. ஜாவாவில் எழுதும் செயலிகளோடு இணையும். பாடசாலைக் கணினிக் கூடத்தில் நாம் செய்த தரவுத்தளப் பயிற்சி தங்கைமாருக்கு நினைவிருக்கும். அட்டவணை, படிவம், வினவல், அறிக்கை என்று நான்கு. நான்காவதைப் பெரும்பாலும் பரீட்சைக்குக் கிட்டத்தில் அவசரமாகப் படித்துத் தள்ளுவோம். அங்கே 'விசார்ட்' என்று ஒன்று இருக்கும். நான்கு முறை 'அடுத்து' என்று அழுத்தினால் ஓர் அறிக்கை வந்துவிடும். அலுவலகத்தில் ராத்தா முதலில் எடுத்துவிட்டது அதைத்தான். வெற்றுத்தாளில் தொடங்கச் சொன்னார்.

அந்த வெற்றுத்தாள் பட்டைகளாகப் பிரிந்திருக்கும். மேலே தலைப்புப் பட்டை. அதற்குக் கீழே பக்கத் தலைப்பு, நிரல்களின் தலைப்பு. நடுவில் விவரப் பட்டை. கீழே பக்க அடி, கடைசியில் தொகுப்பு. விவரப் பட்டையை ஒரே ஒரு வரி உயரத்துக்குத்தான் வரைவோம். தரவுத்தளத்திலிருந்து ஒன்பது பதிவுகள் வந்தால் அது ஒன்பது முறை அச்சாகும், தொண்ணூறு வந்தால் தொண்ணூறு முறை. மற்றவர்களுக்கு இதை விளங்கிக்கொள்ளச் சற்று நேரம் எடுக்குமாம். நான் நெசவு ஊரில் பிறந்தவள். உம்மாவின் வாப்பா தறியில் சாரி நெய்ததைப் பார்த்திருக்கிறேன். உடல் ஒரே கோலத்தில் முழக்கணக்கில் ஓடும். தலைப்பு ஒரு முறைதான் வரும், அதற்கென்று தனி வேலை. கரை இரண்டு பக்கமும் கூடவே வரும். சாரிக்கும் 'தலைப்பு', அறிக்கைக்கும் 'தலைப்பு'. நான் சொன்னதும் ராத்தா சிரித்துவிட்டு, "அப்ப உனக்குப் பாதி பாடம் முடிஞ்சு" என்றார்.

பட்டைகளுக்குள் வைக்கும் பொருள்கள் மூன்று வகை. புலம் என்பது தரவுத்தளத்திலிருந்து வருவது, பாடத்தின் பெயர் போல. பரமானம் என்பது செயலி வெளியிலிருந்து கொடுப்பது: எந்த வகுப்பு, எந்தத் தவணை. மாறி என்பது அறிக்கை ஓடும்போது தானே கணக்கிடுவது, மொத்தம் போல. இந்த மூன்றையும் பிரித்து அறிந்தால் பெரும்பகுதி வந்துவிடும் என்று புத்தகம் சொல்கிறது. புத்தகம் சொல்லாதவைதான் எனக்கு வேலையாக வந்தன.

முதல் வேலை ஒரு பாடசாலைக்கான தவணைப் புள்ளிச் செயலி. ஆசிரியைகள் புள்ளிகளைப் பதியும் திரை ஏற்கெனவே முடிந்திருந்தது. எனக்குத் தந்தது தேர்ச்சி அறிக்கை. கணினியைத் திறக்க முன்னர் ராத்தா ஒரு தாளைத் தந்தார். "இத ஆரு வாசிக்கப் போறாங்க எண்டு முதல்ல எழுது. அவங்க இதக் கையில எடுத்து என்ன தேடுவாங்க எண்டும் எழுது." நான் உம்மாவையும் வாப்பாவையும் நினைத்து எழுதினேன். வேறு யாரை நினைப்பது?

முதலாவது கேள்வி பாடங்களைப் பற்றியது. அந்தப் பாடசாலை முன்பு பயன்படுத்திய தாளில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு நிரல் இருந்தது. தரம் 10க்கு வந்ததும் அது சரிவராது. சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு என்ற ஆறும் எல்லோருக்கும் பொது. மற்ற மூன்றும் தொகுதிப் பாடங்கள், பிள்ளைக்குப் பிள்ளை வேறு. ஒருத்தி வர்த்தகமும் சித்திரமும் எடுப்பாள். அடுத்த கதிரையில் இருப்பவள் புவியியலும் மனைப்பொருளியலும் எடுப்பாள். நிரலாகப் போட்டால் பாதிக் கட்டங்கள் வெறுமையாக நிற்கும். வெறுமையான கட்டத்தைப் பார்க்கும் தாய்க்குத் தன் பிள்ளை அந்தப் பாடத்தைப் படிக்கவே இல்லையா, பரீட்சைக்குப் போகவில்லையா என்று தெரியாது. பாடங்களை வரிகளாக்கினோம். எந்தப் பிள்ளைக்கு எந்த ஒன்பது பாடங்களோ அந்த ஒன்பதும் விவரப் பட்டையில் ஒவ்வொன்றாக இறங்கும்.

அடுத்து, வெறுமை. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

தரவுத்தளத்தில் பூச்சியம் வேறு, வெற்றுப் பெறுமானம் வேறு. பூச்சியம் ஓர் எண். பிள்ளை பரீட்சை எழுதினாள், ஒரு புள்ளியும் கிடைக்கவில்லை என்று அது சொல்லும். வெற்றுப் பெறுமானம் எண்ணே அல்ல, அங்கே எதுவும் இல்லை. சராசரி கேட்டால் எஸ்கியூஎல் மொழி வெற்றிடங்களை விட்டுவிட்டு மற்றவற்றுக்கு மட்டும் சராசரி எடுக்கும். வெற்றிடங்களைப் பூச்சியமாக்கு என்று ஒரு சொல் சேர்த்தால் எல்லாவற்றையும் கணக்கில் எடுக்கும். அந்த ஒரு சொல்லை எழுதுவதா, விடுவதா?

இதை ராத்தா விளக்கிக்கொண்டிருக்கும்போது எனக்குத் தங்கையின் ஓர் அறிக்கை நினைவுக்கு வந்தது. அவள் தரம் 10இல் வேறொரு பாடசாலையில் படித்தபோது, இரண்டாம் தவணைப் பரீட்சையின் நடுவில் டெங்குக் காய்ச்சலில் விழுந்தாள். இரண்டு பாடங்களுக்குப் போக முடியவில்லை. மருத்துவச் சான்றிதழும் கொடுத்தோம். அறிக்கை வந்தபோது சராசரி 56.8. அதற்கு முந்திய தவணையில் வகுப்பில் 6ஆம் நிலையில் இருந்தவள் 23க்கு இறங்கியிருந்தாள். உம்மா அந்தக் கட்டத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. பேசாமலிருந்ததுதான் அவளுக்குப் பெரிதாகப் போயிற்று. காய்ச்சலால் பிள்ளைக்கு மறதி வந்துவிட்டது என்று மாமி ஒருவர் சொன்னார். வாப்பா பின்னேரத்தில் இன்னொரு கணித வகுப்புக்குப் பணம் கட்டினார். தங்கை போய் வந்தாள், ஆனால் முன்பு போல வீட்டுக்கு வந்ததும் பாடசாலைக் கதை சொல்வதில்லை.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் அலுமாரியிலிருந்து அந்த அறிக்கையை எடுத்தேன். எழுதிய ஏழு பாடங்களின் மொத்தம் 511. ஏழால் வகுத்தால் சரியாக 73. ஒன்பதால் வகுத்தால் 56.8. விடயம் அவ்வளவுதான். எங்கோ ஒரு கணினியில், யாரோ ஒருவர், மொத்தத்தை ஒன்பதால் வகு என்று ஒரு சூத்திரம் எழுதியிருக்கிறார். அவர் என் தங்கையை நினைத்து எழுதவில்லை. எல்லோரும் எல்லாப் பாடங்களுக்கும் வருவார்கள் என்று நினைத்து எழுதியிருப்பார்.

வாப்பாவிடம் காட்டினேன். அவர் துணி வியாபாரி, கணக்கு அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. தாளையும் கல்குலேட்டரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு நாள் கடை பூட்டிக் கிடந்தா அந்த ரெண்டு நாளும் வியாபாரம் பூச்சியம் எண்டு எழுதலாம், மாசக் கணக்குக்கு அது சரி. கடை திறந்தா ஒரு நாளைக்கு எவ்வளவு போகும் எண்டு கேட்டா, பூட்டின நாளச் சேர்க்கிற எப்படி?" என்றார். தரவுத்தளம் பற்றி நான் வாசித்த எந்தப் பாடத்திலும் இவ்வளவு தெளிவான விளக்கம் இல்லை. பிறகு தங்கையைக் கூப்பிட்டு அந்தத் தாளை அவள் கையில் கொடுத்தார். அவள் 73 என்று நான் பென்சிலால் எழுதியிருந்த இடத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அலுவலகத்தில், வெற்றிடங்களை விட்டுவிட்டுச் சராசரி எடுப்போம் என்று நான் சொன்னேன். ராத்தா உடனே ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு பிள்ளை தனக்குக் கஷ்டமான பாடத்துக்கு வேண்டுமென்றே வராமல் நின்றால் அவளுடைய சராசரி கூடிவிடுமே, எல்லாப் பாடங்களையும் எழுதியவளை அவள் முந்திவிடுவாளே என்று கேட்டார். அதுவும் நியாயம்தான். இன்னொன்றும் சொன்னார். அட்டவணையில் ஒரு கட்டம் வெறுமையாக இருந்தால் பிள்ளை வரவில்லை என்றுதான் அர்த்தமா? ஆசிரியை இன்னும் புள்ளியைப் பதியவில்லை என்றும் இருக்கலாம். இரண்டும் திரையில் ஒரே வெறுமைதான். அறிக்கை இரண்டையும் ஒரே மாதிரித்தான் காட்டும்.

"இத நாம தீர்மானிக்க ஏலாது. கேக்கணும்."

கேட்டோம். பாடசாலைக்கு மூன்று கேள்விகளை எழுதி அனுப்பினோம். பதில் வர ஒரு வாரமானது. ஆசிரியைகள் கூடிப் பேசியிருக்கிறார்கள். எழுதிய பாடங்களுக்கு மட்டும் சராசரி. ஏதாவது ஒரு பாடத்துக்கு வராதவர்களுக்கு நிலை அச்சிடுவதில்லை, அந்தக் கட்டத்தில் ஒரு சிறு கோடு. புள்ளிக் கட்டத்தில் 'வரவில்லை' என்ற சொல். மருத்துவச் சான்றிதழ் இருந்தால் அதையும் குறிப்பது. இதற்காக முடிந்துவிட்டது என்று நினைத்த பதிவுத் திரையில் ஒரு நிரல் புதிதாகச் சேர்ந்தது. பதியாத புள்ளி ஒன்று மிச்சமிருந்தாலும் அந்த வகுப்பின் அறிக்கை அச்சாகாது. எந்தப் பாடம், எந்தப் பிள்ளை என்று திரையில் காட்டும். அறிக்கையைக் கடைசியில் செய்வது வழமை, ஆனால் முதலில் யோசிக்க வேண்டியதும் அதுதான் என்று நான் நினைப்பதற்கு இது ஒரு காரணம்.

நிலை பற்றியும் ஒரு கதை உண்டு. இரண்டு பேர் ஒரே மொத்தம் எடுத்தால் என்ன செய்வது? எஸ்கியூஎல் மொழியில் வரிசைப்படுத்த மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்று 1, 2, 2, 4 என்று தரும். இரண்டாவது 1, 2, 2, 3 என்று தரும். மூன்றாவது 1, 2, 3, 4 என்று கண்ணை மூடிக்கொண்டு எண்ணிப் போகும். அந்த மூன்றாவதில், சமமான இருவரில் ஒருத்திக்கு 2 கிடைப்பதும் மற்றவளுக்கு 3 கிடைப்பதும் யாருடைய பெயர் பட்டியலில் முன்னால் வந்தது என்ற தற்செயலால் தீர்மானமாகலாம். பட்டியலில் முன்னால் வருவது யார்? நம் பிள்ளைகளில் பலருக்குப் பெயருக்கு முன்னால் மூன்று நான்கு முதலெழுத்துகள் இருக்கும். முதலெழுத்தோடு சேர்த்து வரிசைப்படுத்தினால் வகுப்பில் பெரும்பகுதி 'எம்' என்ற எழுத்தின் கீழ் வந்து குவியும். முகம்மது என்று வாப்பாவின் பெயர் தொடங்குவதால் ஒரு பிள்ளைக்கு ஒரு நிலை குறைவது எந்த நியாயத்தில் சேரும்? முதல் வழியையே எடுத்தோம்.

நிலை என்ற கட்டமே தேவையா என்று எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. உம்மா இதை வாசிக்கும்போது என்ன சொல்வார் என்று தெரியும். ஆனாலும் எழுதுகிறேன். 40 பேர் உள்ள வகுப்பில் எல்லோரும் நன்றாகச் செய்தாலும் ஒருத்திக்கு 40ஆம் நிலை வந்தே தீரும். அந்த எண் அவள் என்ன கற்றாள் என்று சொல்வதில்லை. முந்திய தவணைப் புள்ளியைப் பக்கத்தில் அச்சிட்டால் அதை விடப் பயன் அதிகம். நாங்கள் செய்த அறிக்கையில் இரண்டும் இருக்கின்றன. பாடசாலை கேட்டது, நாங்கள் செய்தோம். ஆனால் முந்திய தவணை நிரலைச் சற்று அகலமாகப் போட்டது என்னுடைய வேலை.

தசமங்களும் தொல்லை தருபவைதான். இரண்டு வினாத்தாள்களின் புள்ளிகளைச் சேர்த்து நூற்றுக்கு மாற்றும்போது 74.6 என்று வரலாம். முழு எண்ணாகக் காட்டு என்று சொன்னால் தாளில் 75 என்று அச்சாகும். தரத்தையோ உள்ளே இருக்கும் 74.6 இலிருந்து கணக்கிட்டால் 'பி' என்று வரும். தாளின் அடியில் 75 முதல் 'ஏ' என்று நாமே அச்சிட்டிருப்போம். அந்தப் பெற்றோர் அடுத்த நாள் காலையில் பாடசாலை வாசலில் நிற்பார்கள், நிற்கவும் வேண்டும். எந்த எண்ணைக் காட்டுகிறோமோ அதே எண்ணிலிருந்து தரத்தை எடுக்க வேண்டும் என்பது எங்கள் அலுவலகத்தில் இப்போது ஒரு விதி.

இனித் தமிழ். எனக்கு அதிக நாட்கள் எடுத்தது இதுதான்.

சோதனைக்காக நாங்களே சில பெயர்களை எழுதி வைத்திருந்தோம். மைமூனா, ஸைனப், ஜெஸ்மின் என்று. திரையில் முன்னோட்டம் பார்த்தால் எல்லாம் அழகாக இருந்தது. பிடிஎஃப் ஆக்கியதும் ஐகாரக் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நின்றது. ஒற்றைக் கொம்பும் அப்படியே. 'மூ' என்ற எழுத்து இரண்டு துண்டாகக் கிடந்தது. ராத்தா இதை எதிர்பார்த்திருந்தார் போலும். "இப்ப ஏன் எண்டு நீயே தேடிப் பார்" என்றுவிட்டு எழுந்து போனார்.

காரணம் இதுதான். யூனிகோட்டில் 'மை' என்று எழுதினால் கணினி முதலில் 'ம' வையும் அதற்குப் பின்னால் ஐகாரக் குறியையும் சேமிக்கிறது. நாம் உச்சரிக்கும் ஒழுங்கு அது. ஆனால் கண்ணுக்குக் கொம்பு முன்னால் தெரிய வேண்டும். அந்த இடமாற்றத்தைத் திரையில் ஜாவாவின் எழுத்து வரையும் பகுதி செய்துவிடுகிறது. பிடிஎஃப் ஆக்கும் பகுதியோ சேமித்த ஒழுங்கிலேயே ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு போகிறது. ஆங்கிலத்துக்கு அது போதும். நமக்கும் ஹிந்திக்கும் போதாது. இதற்குப் பயந்தே சில இடங்களில் இன்னும் பாமினி எழுத்துருவில் தரவைப் பதிந்து வைத்திருக்கிறார்கள். அதில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் குந்தியிருப்பதால் அச்சில் சரியாக வரும். ஆனால் எழுத்துருவை மாற்றினால் எல்லாம் ஆங்கிலக் கிறுக்கலாகிவிடும், அகர வரிசையும் வராது.

தேடியதில் ஜாஸ்பரில் ஓர் அமைப்பு இருப்பது தெரிந்தது. குறிப்பிட்ட மொழியின் எழுத்துகளை மட்டும் எழுத்தாக வைக்காமல் வரைந்த உருவமாகப் பிடிஎஃப்பில் பதி என்று சொல்லலாம். மொழிகளின் பட்டியலில் தமிழைச் சேர்த்தேன். மைமூனா மைமூனாவாக வந்தாள். இதற்கு ஒரு விலை உண்டு. வரைந்த உருவமாதலால் அந்தப் பிடிஎஃப்பில் பெயரைத் தேட முடியாது, பிரதி எடுத்து வேறோர் இடத்தில் ஒட்டவும் முடியாது. தேர்ச்சி அறிக்கை அச்சிட்டுக் கையில் கொடுப்பது, அதனால் பரவாயில்லை. அலுவலகப் பாவனைக்கான பட்டியல்களை வேறு வடிவில் கொடுத்தோம். பெயரை ஆங்கிலத்தில் அச்சிட்டால் இந்தப் பிரச்சினையே இல்லையே என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். வாப்பாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. தன் பிள்ளையின் பெயரைத் தானே வாசிக்க முடியாத ஓர் அறிக்கையில் அவர் கையொப்பமிடுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

வடிவமைப்பு முடிந்தாலும் அது செயலிக்குள் போய்ச் சேர வேண்டும். தனியே இருக்கும் அறிக்கை தைக்காத துணி போலத்தான். ஆசிரியை வகுப்பையும் தவணையையும் தெரிவு செய்து பொத்தானை அழுத்துகிறார். செயலி அந்த இரண்டையும் பரமானங்களாக அறிக்கைக்குக் கொடுக்கிறது. அறிக்கை தரவுத்தளத்தைக் கேட்கிறது, பட்டைகளை நிரப்புகிறது, பிடிஎஃப் ஆகத் திருப்பித் தருகிறது. 40 பிள்ளைகளுக்கும் தனித்தனியே 40 முறை கேட்கத் தேவையில்லை. ஒரே வினவலில் முழு வகுப்பையும் எடுத்து, பிள்ளைவாரியாகக் குழுவாக்கி, ஒவ்வொரு குழுவும் புதிய பக்கத்தில் தொடங்கட்டும், பக்க எண்ணும் 1இலிருந்து தொடங்கட்டும் என்று சொன்னால் போதும். பாடசாலை இலச்சினையின் படத்தை 'டி' டிரைவில் இருக்கிறது என்று முகவரி கொடுத்துவிட்டால் நம் கணினியில் வரும், அதிபரின் கணினியில் வராது. ஆகவே படத்தையும் செயலிக்குள்ளேயே கட்டி அனுப்ப வேண்டும்.

சராசரியைத் தாளின் மேற்பகுதியில் போடுங்கள் என்று ஆசிரியைகள் கேட்டார்கள். கேட்கச் சின்ன விடயம். ஆனால் அறிக்கை மேலிருந்து கீழாக நிரம்புகிறது. மேல்பகுதி அச்சாகும்போது ஒரு பாடமும் இன்னும் வாசிக்கப்படவில்லை, சராசரி எங்கிருந்து வரும்? அந்தக் கட்டத்தை இடம் பிடித்து வைத்துவிட்டு, குழு முடிந்த பிறகு திரும்பி வந்து நிரப்பு என்று சொல்ல வேண்டும். அதற்கும் ஓர் அமைப்பு இருக்கிறது. இப்படியான சின்னச் சின்ன விடயங்கள் நிறைய. எல்லாவற்றையும் எழுதினால் மலர்க்குழு என்னை மன்னிக்காது.

படிக்க விரும்பும் தங்கைமாருக்கு ஒன்று. இதற்குப் பணம் கட்டத் தேவையில்லை. ஜாஸ்பர் ரிப்போர்ட்ஸ் நூலகம் இலவசம். ஜாவா கஷ்டமாகத் தோன்றினால் லிப்ரே ஆபீஸ் பேஸில் தொடங்கலாம், அதுவும் இலவசம். வீட்டுக் கடைக் கணக்கோ, வகுப்பு நூலகத்தில் யார் எந்தப் புத்தகம் எடுத்தார்கள் என்பதோ, உண்மையாகவே ஒருவருக்குத் தேவைப்படும் ஒரு பட்டியலை எடுத்துச் செய்யுங்கள். கற்பனைத் தரவில் இரண்டு பேர் சமமாக வரமாட்டார்கள், யாருக்கும் காய்ச்சலும் வராது.

கடைசியாகச் செய்தது வகுப்பாசிரியையின் குறிப்புக்கான கட்டம். இரண்டு வரிக்கு இடம் விட்டிருந்தோம். சில ஆசிரியைகள் 'நன்று' என்று ஒரு சொல்லோடு நிறுத்துவார்கள். சிலர் ஒரு பிள்ளைக்காகவே ஆறு வரி எழுதுவார்கள். கட்டத்தின் அளவை நிலையாக வைத்தால் மூன்றாம் வரியிலிருந்து வெட்டுப்பட்டுப் போகும். வெட்டுப்பட்டது யாருக்கும் தெரியவும் தெரியாது. எழுத்துக்கு ஏற்ப வளர விட்டோம். வளர்ந்த கட்டம் கீழே இருந்த கையொப்பக் கோடுகளைத் தள்ளி, சில பிள்ளைகளுக்குப் பெற்றோரின் கையொப்பம் மட்டும் தனியே இரண்டாம் பக்கத்தில் போய் நிற்கப் பார்த்தது. பாட வரிகளின் உயரத்தை மில்லிமீற்றர் கணக்கில் குறைத்து, எல்லாவற்றையும் ஒரே ஏ4 தாளில் இருத்த ஒரு முழு நாள் போனது. ராத்தா அச்சிட்ட தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, கையொப்பக் கோட்டை இன்னும் கொஞ்சம் நீட்டச் சொன்னார். சில வாப்பாமார் முழுப்பெயரும் எழுதுவார்களாம்.

இப்போது வரவு இடாப்புக்கான அறிக்கையைத் தொடங்கியிருக்கிறோம். 'வரவில்லை' என்பதற்கு அந்தப் பாடசாலையில் ஐந்து வகை இருக்கிறதாம். கேள்விகளை எழுதி அனுப்பியிருக்கிறோம், பதில் இன்னும் வரவில்லை.